கறுப்பு ஆகாது

கறுப்பு ஆகாது என்று பஞ்சவர்ணம் காலையில் பஸ் ஏற்றிவிடும்போதே சொல்லித்தான் அனுப்பினாள். என் பெண்டாட்டி எதையும் ஒரு தரம் சொல்லி நிறுத்துகிற ஆள் கிடையாது. செக்கானூரணி ஸ்டாப்பில் நின்று சொன்னாள், பஸ் நகர்ந்ததும் ஜன்னலோரமாகக் கூடவே நடந்து வந்து சொன்னாள். "சடங்கு வீட்டுக்குக் கொண்டுபோற சீருங்க. கறுப்பா எதையும் தூக்கிட்டு வந்து நிக்காதீங்க." கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "கறுப்பு வேணாமாம்ணே" என்றான். பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்தேன். இப்போது மதுரை காளவாசலில், குளிர் காதைப் பிடித்துத் திருகுகிற இந்தக் கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்திருக்கிறேன், சிரிப்பு வரவில்லை. முன்னால் மேசையில் ரெண்டு லேப்டாப் வாயைப் பிளந்துகொண்டு இருக்கின்றன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி. வேறு வேறு கம்பெனி. பேர் ரெண்டும் என் வாயில் நுழையவில்லை, அதனால் உழவு மாட்டுக்கு வைக்கிற மாதிரி கறுப்பன், வெள்ளையன் என்று நானே பேர் வைத்துக்கொண்டேன். என் தங்கச்சி தவமணியின் மகள் மதிவதனி பெரிய மனுஷியாகி, வருகிற ஞாயிற்றுக்கிழமை தேனியில் மண்டபம் பிடித்துச் சடங்கு. நான் தாய்மாமன். சேலை வேணாம் மாமா, தோடு வேணாம் மாமா, லேப்டாப் வாங்கித் தாங்க என்று அவளே போனில் கேட்டாள். கேட்க உரிமை உள்ள பிள்ளை, செய்யக் கடமைப்பட்டவன் நான், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் கிளம்பி வந்தேன். வந்து உட்கார்ந்து காபி ஆறிப்போன பிறகும் யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

கழுத்தில் அட்டை தொங்குகிற பெண், பெனாசிர் என்று பேர், பொறுமைசாலி. என்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்திருப்பாள். "ரெண்டும் உங்க பட்ஜெட்டுக்குள்ள வருது சார். கறுப்புல ரேம் பதினாறு ஜிபி. சில்வர்ல எட்டுதான். ஆனா சில்வர் மெட்டல் பாடி, பார்க்க ரிச்சா இருக்கும்." வெள்ளியிலேயே பதினாறு கிடையாதாம்மா என்றேன். இருக்கிறதாம், அதன் விலையைச் சொன்னாள், நான் காபியை எடுத்துக் குடித்தேன். அந்த விலைக்கு என் மைக் செட் ஜெனரேட்டரையும் சேர்த்துத்தான் விற்க வேண்டும். மதி தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். "எந்தக் கம்பெனியா இருந்தாலும் சரி மாமா, ரேம் பதினாறு இருக்கணும். எட்டுன்னா தொங்கிரும்." அவள் படம் வரைந்து அதை நடக்க வைக்கிறாள். ஒரு தவளை குடை பிடித்துக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிற படம் அனுப்பியிருந்தாள், தவளை பாதி ரோட்டில் நின்றுவிட்டது, ஏன்டா என்று கேட்டதற்கு, அப்பா கம்ப்யூட்டர் அதுக்கு மேல இழுக்கல மாமா என்றாள். அந்தத் தவளை இன்னும் ரோட்டில்தான் நிற்கிறது. ரேம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது, ஆம்ப்ளிபயர் வாட்ஸ் மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். சின்ன ஆம்ப்ளிபயரில் பெரிய ஸ்பீக்கர் பாக்ஸைக் கோர்த்தால் கரகரவென்று கத்திவிட்டுப் படுத்துவிடும், அது தெரியும், ஏனென்றால் என் பிழைப்பே அதுதான். சோலை சவுண்ட் சர்வீஸ். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, எதுவானாலும் மைக் செட், சீரியல் லைட். அப்படிப் பார்த்தால் கறுப்பன்தான். முடிந்தது கதை, பில்லைப் போடும்மா என்று வாயெடுக்கிறேன், வாய் வரவில்லை. சீர் என்பது பிள்ளைக்கு மட்டும் கொண்டுபோகிற பொருளா? தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலைபாக்குக்கு நடுவே வைத்து, மேளம் முன்னால் போக, மண்டபம் முழுக்கப் பார்க்கத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கறுப்பனோ தாம்பாளத்தை விட அகலம் என்று தோன்றுகிறது. கையால் முழம் போட்டுப் பார்த்தேன். பெனாசிர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டிஸ்பிளே பெருசு சார், அதான்" என்றாள்.

பார்க்க ரிச்சா. அதுதான் உள்ளே போய்க் குத்துகிறது. ஏனென்றால் மண்டபத்தில் நான் தனியாக நடக்கப் போவதில்லை. பத்திரிகையைப் போட்டோ எடுத்து மாப்பிள்ளை, அதாவது மதியின் அப்பா, போனில் அனுப்பியிருந்தார். தாய்மாமன்கள்: சோலைராஜ், செக்கானூரணி. ராம்பிரகாஷ், பெங்களூர். என் பேர்தான் முதலில். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, பஞ்சவர்ணம்கூட பாருங்க உங்களைத்தான் மேல போட்டிருக்காக என்றாள். எனக்கு அந்தக் 'கள்'ளைத் தாண்டிக் கண் போகவில்லை. தவமணிக்கு அண்ணன் தம்பி என்று நான் ஒருத்தன்தான். ஒருத்தன் எப்படித் தாய்மாமன்கள் ஆனேன்? அந்த ராம்பிரகாஷ் நல்ல பையன், ஒருதரம் பார்த்திருக்கிறேன், குனிந்து கும்பிட்டான், என்னமோ கம்பெனியில் பெரிய வேலை. மாப்பிள்ளையின் ரெண்டாம் சம்சாரம் சுகந்திக்குத் தம்பி. சுகந்தி மதிக்குச் சித்தி, சித்தியின் தம்பி மாமன், மாமன்தான், யார் இல்லை என்றது, தாய்மாமன் ஆகுமா? ஆகும் என்று அச்சில் வந்துவிட்டது. அவன் செயின் கொண்டுவருகிறானாம், தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வருகிறதாம், தட்டுத் தூக்க மட்டும் ஒரு வேன் ஆட்கள் என்று கேள்வி. எனக்கு இந்த வரிசை புதுசா என்ன, எத்தனை சடங்கில் நானே மைக்கைப் பிடித்து, தாய்மாமன் வருகிறார், வழிவிடுங்கள், மங்கள வாத்தியம் முழங்கட்டும் என்று தொண்டை கிழியக் கூவியிருக்கிறேன். வழிவிடுங்கள் என்று சொன்னதும் கூட்டம் தட்டைத்தான் முதலில் பார்க்கும், அப்புறம்தான் ஆளைப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை தேனிக்காரன் எவனோ மைக்கில் நிற்பான். தாய்மாமன் வருகிறார் என்பான். எந்தத் தாய்மாமன் என்று கூட்டம் கழுத்தை நீட்டும். ஒரு பக்கம் செயின் மின்னும், இந்தப் பக்கம் நான் கறுப்பாய் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். தங்கச்சி போனதோட மாமன் கையும் சுருங்கிப்போச்சு பாத்தியா என்று எவளாவது சொல்லுவாள். சொல்லட்டும். சொன்னால் என்ன? என்ன என்று கேட்டுக்கொள்கிறேனே தவிர, கை வெள்ளையன் பக்கம்தான் போகிறது.

அதற்குக் குடிசை நினைப்பு வேறு. பிள்ளை சமைந்த அன்றைக்குத் தாய்மாமன் பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும். சேதி வந்ததும் நான் தென்னங்கீற்றை வெட்டி ஆட்டோவில் போட்டுத் தேனிக்கே கொண்டுபோனேன், டிரைவர் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். மாப்பிள்ளை வீடு மாடியில், கீற்றைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினால், ஹாலில் ஏற்கெனவே ஒரு குடிசை நிற்கிறது. டெக்கரேஷன்காரன் பிளாஸ்டிக் இலையில் செய்தது, உள்ளே குட்டிக் குட்டி லைட். மதி அதற்குள் உட்கார்ந்து, "மாமா, இங்க பாருங்க, லைட் கலர் மாறுது" என்றாள். நல்லாருக்குடா என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது, சீரியல் லைட்காரன் நான் பொய் சொல்ல முடியாது. என் கீற்று மாடிப்படி வளைவில் கிடந்தது. யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்று சொல்லவும் ஆள் இல்லை. தவமணி இருந்திருந்தால் அந்த டெக்கரேஷனைக் கழற்றி எறிந்திருப்பாளா? மாட்டாள். அவளும் லைட்டைப் பார்த்துவிட்டு, உன் கீத்தை வாசல்ல சாத்தி வையிண்ணே என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் சாத்தி வையி என்று சொல்லியிருப்பாள். அந்த ஒரு வார்த்தைதான் இல்லை.

"சார், ஒரு ஐடியா," என்கிறாள் பெனாசிர். "மேல ஒட்டுற ஸ்கின் ஸ்டிக்கர் இருக்கு. சில்வர்லயே இருக்கு. ஒட்டிட்டா உள்ள கறுப்புன்னு யாருக்கும் தெரியாது. பங்க்ஷன் முடிஞ்சதும் உரிச்சிக்கலாம்." உள்ளே கறுப்பு என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல, பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பாவம், அவளுக்கு எப்படித் தெரியும். தவமணி நல்ல கறுப்பு. எங்கள் அப்பா வழிக் கறுப்பு, எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினு என்றிருக்கும். ஏய் கறுப்பி என்றுதான் நான் கூப்பிடுவேன், போண்ணே நீ மட்டும் பாலுல குளிச்சியா என்பாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு எங்கள் பெரியம்மா டப்பா பவுடர் முழுவதையும் அவள் முகத்தில் கொட்டி அப்பிவிட்டாள். கழுத்து ஒரு கலர், முகம் ஒரு கலர். தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், மாப்பிள்ளையின் அம்மா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொண்ணு கொஞ்சம் கறுப்போ" என்று இழுத்தது. தவமணி சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்தாள். துடைத்துவிட்டு, "கொஞ்சமில்ல அத்தை, நல்லாவே கறுப்புதான்" என்றாள். பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டார், அந்தச் சிரிப்பில்தான் கல்யாணம் முடிவானது. அவர் நல்ல மனுஷன். இன்றைக்கும் நல்ல மனுஷன்தான், அதுதான் எனக்குக் கஷ்டமே. மூணு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி மழையில் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, என்ன ஏது என்று விளங்குவதற்குள் அள்ளிக்கொண்டு போய்விட்டது. வருஷம் திரும்பியதும் மாப்பிள்ளை என் வீட்டுக்கே வந்து, "பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும்ல மச்சான்" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஆமா மாப்ள, வேணும்ல என்றேன். அந்த ஆமாவைச் சொல்லும்போது ஆள் என்றால் சோறாக்க, தலைவாரிவிட, பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப என்று நினைத்துக்கொண்டேன். சுகந்தி சிவப்பு, மெல்லிசாகப் பேசும், என்னைக் கண்டால் எழுந்து நிற்கும். குறை சொல்ல ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை.

மதியும் அம்மா கலர்தான். மணவறையில் பட்டுச் சேலை கட்டி உட்காரும்போது அவளுக்கும் எவளாவது பவுடரை அப்புவாளோ என்னமோ. இப்போதெல்லாம் அதற்குப் பேர் மேக்கப், அழகுநிலையத்திலிருந்து ஆள் வரும், அப்புகிறது மட்டும் அதேதான். அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிற பொருள் கறுப்பாக இருந்தால் ஆகாதாம். சாமியே கறுப்பாகத்தானே நிற்கிறது, அதற்குத்தானே எண்ணெய்க்காப்புச் செய்து கும்பிடுகிறோம், அது ஆகிறது, இது ஆகாதா என்று பஞ்சவர்ணத்திடம் கேட்க வேண்டும். கேட்டால், சாமிய சீருல வச்சாக் கொண்டு போறோம் என்பாள், அவளிடம் பேசி ஜெயித்தவன் யார். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சபை என்று ஒன்று இருக்கிறது. எட்டு ஜிபி வெள்ளையனை வாங்கிக்கொண்டு போனால் ஞாயிற்றுக்கிழமை நான் தலைநிமிர்ந்து நடக்கலாம். திங்கட்கிழமை மதி அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவாள், தவளை பாதியில் நிற்கும், அவள் என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். சூப்பர் மாமா என்பாள். கறுப்பனை வாங்கிக்கொண்டு போனால் தவளை ரேஷன் கடைக்குப் போய்ச் சேரும், ஆனால் அந்த வீட்டில் நான் யார் என்பது சபையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அடுத்த விசேஷத்தில் என் பேர் ரெண்டாவதாக வரும். அதற்கடுத்த விசேஷத்தில் 'மற்றும் உற்றார் உறவினர்' என்பதற்குள் போய்விடும். தவமணி இல்லை, அவள் கட்டிய சேலையெல்லாம் ஆசிரமத்துக்குக் கொடுத்தாகிவிட்டது, அவள் வைத்த முருங்கையை வயர் இடிக்கிறது என்று வெட்டியாகிவிட்டது. அந்த வீட்டில் அவள் இருந்ததற்கு மிச்சம் நான்தான். தாய்மாமன் என்று என்னைச் சொல்லும்போது அந்தத் தாய் அவள்தானே. அந்த ஒரு சொல்லுக்குள் இன்னும் இருக்கிறாள். அதையும் விட்டுவிட்டால் அவளை எங்கே போய்த் தேடுவது என்று பயமாக இருக்கிறது. பயம்தான், வேறென்ன. ஐம்பது வயசு ஆம்பிளை லேப்டாப் கடையில் உட்கார்ந்து பயந்துகொண்டிருக்கிறேன்.

"யாருக்கு வாங்குறீங்களோ அவங்ககிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருங்களேன் சார்," என்கிறாள் பெனாசிர், கெஞ்சுகிற மாதிரி. அதுவும் சரிதான். போனை எடுத்தேன். மதி வைத்திருப்பது அவள் அம்மாவின் போன், அதே நம்பர், நான் பேரை மாற்றவில்லை, தவமணி என்றுதான் இருக்கிறது. தவமணியை அழுத்தினேன். "மாமா, கடைக்குப் போயிட்டீங்களா" என்றாள் மதி, குரலிலேயே குதிக்கிறாள். "வந்துட்டேன்டா. நீ கேட்ட பதினாறு கறுப்புலதான் இருக்கு. வெள்ளின்னா எட்டு. சீருக்குக் கறுப்பு ஆகாதுங்குறா உங்க அத்தை. என்னடா செய்யட்டும்?" பிள்ளை யோசிக்கிறது. பிறகு, "இருங்க மாமா, அம்மாகிட்டக் கேட்டுட்டு வாறேன்" என்றாள். சரிடா, கேளு என்றேன். கேட்கட்டும், தவமணியிடம் கேட்டால் சட்டென்று ஒன்றைச் சொல்லிவிடுவாள், அடுப்படியில் இருப்பாள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து போனைப் பிடுங்குவாள், ஏண்ணே இதுக்குப்போயி இம்புட்டு நேரமா என்பாள். நிஜமாகவே காத்திருந்தேன். மூச்சைக் கூட மெதுவாக விட்டுக்கொண்டு, காதோடு போனை அழுத்திக்கொண்டு, அவள் காலடிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். காலடிச் சத்தமும் கேட்டது. "அண்ணே" என்று ஒரு குரல் வந்தது, மெல்லிசாக. "யாரு?" என்று கேட்டுவிட்டேன். "சுகந்திண்ணே."

போன பொங்கல் வரைக்கும் மதி அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள், பிள்ளை தானாகவேதான் கூப்பிட்டிருக்கும், ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பசியோடு கூப்பிட்டிருக்கும். "கறுப்பே எடுங்கண்ணே," என்கிறது அந்தக் குரல். "பிள்ளைக்கு எது உழைக்குமோ அதை எடுங்க. சபையில எவராச்சும் ஒண்ணு சொன்னா நான் பேசிக்கிறேன். அது ராத்திரி ராத்திரியா உக்காந்து வரையுது, பழசுல பாதியிலயே நின்னு போயி அழுதுரும், எனக்குப் பாக்க முடியல." நான் உம் உம் என்கிறேன். "அப்புறம்ணே, பத்திரிகையில பேரு அப்படி வந்தது உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும். எங்க வீட்டுப் பெரியவுக சொல்லி அடிச்சிட்டாக, எனக்குப் பிறகுதான் தெரியும். மாலை நீங்கதான் போடணும். சீரும் உங்களுதுதான் முன்னாடி வரணும். என் தம்பிகிட்டச் சொல்லிட்டேன், அவன் பின்னாடி வருவான்." ஒன்றுமே கேட்கவில்லை நான், எல்லாவற்றையும் எடுத்து மடியில் போட்டுவிட்டாள். சந்தோஷப்பட வேண்டும். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். அவள் விடவில்லை. "எனக்கும் கூடப்பொறந்த அண்ணன் கிடையாதுண்ணே. நான் அப்படித்தான் நினைச்சிக்கிட்டிருக்கேன். நீங்க எதுவும் மனசுல வச்சிக்கிறாதீங்க."

அப்போதுதான் விளங்கியது. நான் தாய்மாமன்தான், என்னை யாரும் தள்ளவில்லை, ஞாயிற்றுக்கிழமை முன்னால் நடக்கப் போவது நான்தான். தாய்தான் மாறிவிட்டாள். அவளுக்கு அண்ணனாக இருக்கச் சம்மதித்தால் எனக்கு என் இடம் இருக்கிறது. இல்லை என்று எப்படிச் சொல்ல? தவளைக்காக அழுகிற பிள்ளையைப் பார்க்க முடியாமல் நிற்கிற ஒருத்தியிடம், தாய் நீ இல்லை, அவள்தான் என்று எந்த வாயால் சொல்ல? இத்தனை நாளும் நான் சுகந்தியை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாங்க, போங்க, சாப்டாச்சா என்று ஆளில்லாத பேச்சாகவே பேசி ஒப்பேற்றிவிட்டேன். "அண்ணே, லைன்ல இருக்கீகளா" என்றாள். "இருக்கேன்த்தா" என்றேன். அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. அந்த 'த்தா'வை நான் தவமணி ஒருத்தியைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. வந்தது வந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. "சரித்தா, கறுப்பையே எடுத்துர்றேன். நீ வையி" என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு வைத்துவிட்டாள். திரையில் தவமணி என்ற பேர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அணைந்தது. பெனாசிர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கறுப்பைப் போடும்மா என்றேன். சரி சார், மௌஸ் ப்ரீ சார், தண்ணி எதுவும் குடிக்கிறீங்களா சார் என்றாள். அவளுக்கு என்ன தெரியும், லேப்டாப் வாங்க வந்த ஆள் ஏன் அழுகிறான் என்று. அந்த வீட்டில் எல்லாரும் அவரவர் நாளில் தவமணியை விட்டுக்கொடுத்துவிட்டார்கள், நான் ஒருத்தன்தான் பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நானும் விட்டுக்கொடுத்துவிட்டேன்.